ஊர் கேட்ட குறட்டை

முன்பு இணையம் என்னும் பெரிய ஊரின் ஒரு மூலையில் 'குறட்டைக் குடும்பம்' என்று ஒரு குழுமம் இருந்தது. பக்கத்தில் படுப்பவரின் குறட்டையால் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் அங்கே கூடிப் பேசுவார்கள். ஆரம்பித்தவர் நாகர்கோவில் ஜெபமேரி. குறட்டை விடுபவர் அவரேதான். தன் கணவர் சொல்லும் புகாருக்கு எதிராக நாலு பேர் ஆதரவு கிடைக்கும் என்று நம்பி ஆரம்பித்தார். வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் கணவர் கட்சியாகப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் குழுமத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டார்.

அங்கே எழுதப்பட்டவை அழிவதில்லை. எழுதியவர்கள் எழுந்து தங்கள் வேலையைப் பார்க்கப் போனபிறகும் எழுத்துகள் அங்கேயே குடியிருந்தன. கேள்விகள், பதில்கள், நன்றிகள், 'இதையெல்லாம் இங்கே பேசலாமா' என்று கேட்ட சில சண்டைகள். யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தத் திரை வழியாக எதிரே இருப்பவரின் முகம் உள்ளே இருப்பவற்றுக்குத் தெரியும். பேச்சும் கேட்கும். அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் மனிதர்கள் காதில் விழாது.

அப்படிக் குடியிருந்தவற்றுள் ஒரு கேள்வி இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தபோது, தென்காசியில் மங்கையர்க்கரசி என்பவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளை எழுதினார். அடுத்த அறையில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் இப்படி இருந்தாள்:

"என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் தென்காசியில் தமிழாசிரியர். பழைய அரவை மில் ஓடுகிற மாதிரி குறட்டை விடுகிறார். அதுகூடப் பழகிவிட்டது. நடுவில் திடீரென்று மில் நின்றுவிடுகிறது. மூச்சே இல்லை. நான் எழுந்து உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு முட்டி மோதிக்கொண்டு மூச்சு வருகிறது. மில் ஓடும்போது எனக்குத் தூக்கம் இல்லை. நிற்கும்போது எனக்கு உயிரே இல்லை. யாராவது வழி சொல்லுங்கள். மங்கையர்க்கரசி, தென்காசி."

சாயங்காலமே அவளுக்குக் கீழே ஒரு பதில் வந்து உட்கார்ந்தாள். அவளை எழுதியவர் மாயவரம் அஞ்சலாட்சி.

"தங்கச்சி, எங்கள் வீட்டிலும் இதே மில்தான் ஓடியது. இப்படியேதான் நின்று நின்று ஓடியது. ஆம்பிளை என்றால் குறட்டை விடாமலா என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு விடியற்காலை நின்றது, மறுபடி ஓடவில்லை. நீ விட்டுவிடாதே. டாக்டரிடம் கூட்டிப்போ. குறட்டை என்று மட்டும் சொன்னால் சிரிப்பார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று சொல்லு."

சில வாரம் கழித்து மங்கையர்க்கரசி ஒரு நன்றி எழுதினார். டாக்டர் பார்த்தாராம். முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு மூச்சுக் கருவி கொடுத்தாராம். மில் மூடப்பட்டதாம். அதோடு அவர் குழுமத்தை மறந்துவிட்டார். நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி மட்டும் எதையும் மறக்கவில்லை. தன்னிடம் எல்லாமே முழுசாக இருக்கிறது என்று அவளுக்கு ஒரு பெருமை. மற்ற கேள்விகள் 'எனக்குத் தெரிந்த ஒருவருக்கு' என்று இழுக்கும். இவளிடம் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, உத்தியோகம் இருந்தது.

"நான் என்ன மொட்டைக் கடுதாசியா?" என்று அக்கம்பக்கத்துக் கேள்விகளிடம் கேட்பாள். "ஆவுடையப்பன், தமிழாசிரியர், தென்காசி. நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம்."

"விசாரிக்கப் போய்விடுவார்கள், பார்த்துக்கொள்" என்பாள் பதில். அவள் அதிகம் பேசமாட்டாள்.

குழுமத்துக்கு ஒரு வாசல் இருந்தான். நிலை மட்டும்தான், கதவு கிடையாது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் 'வாங்க, வாங்க' என்று கூப்பிடுவதே அவன் வேலை. அதில் அவனுக்குப் பெருமிதம் அதிகம். "நான் யாரையும் நீ யார் என்று கேட்டதில்லை" என்று அடிக்கடி சொல்வான். யாரும் கேட்காதபோதும் சொல்வான்.

வாசலுக்கு வாடிக்கையாக ஆள் கொண்டுவருபவள் தேடல். ஊரெல்லாம் ஓடுகிறவள். எங்கேயோ ஒருத்தி 'கணவர் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது' என்று தட்டினால் போதும், அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து கேள்வியின் முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவாள். நாமக்கல்லில் இருந்து லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி வந்தாள். குடும்பத்தை விட்டுத் துபாயில் இருந்த ஒருவன், அறையில் கூடப் படுப்பவன் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய் வந்தான். எல்லோரும் முதலில் கேள்வியைப் படித்துச் சிரித்தார்கள். பாதியில் சிரிப்பு நின்றது. பிறகு பதிலைப் படித்தார்கள். அதன்பிறகு யாரும் சிரித்ததில்லை. அப்படியே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

இப்படியே வருஷங்கள் ஓடின. தென்காசியில் ஆவுடையப்பன் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் பட்டிமன்றத்தில் பேச ஆரம்பித்தார். குரல் கணீர் என்று இருந்தது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். சுவரொட்டியில் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. இதெல்லாம் கேள்விக்குத் தெரியாது. அவளுக்கு அவர் இன்னும் மத்தியானம் தூங்குகிற வாத்தியார்தான்.

ஒருநாள் மாலை தேடல் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அடியே, உன் ஆளின் பெயரையே நேராகக் கேட்கிறார்கள்!"

"குறட்டையைக் கேட்கவில்லையா?"

"இல்லை. 'ஆவுடையப்பன் தென்காசி' என்று கேட்டார்கள். நான் தேடினேன். நீ இருந்தாய். கொடுத்தேன்."

பக்கம் திறந்தது. கேள்வி திரை வழியாகப் பார்த்தவள் மலைத்துப்போனாள். அவ்வளவு கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட பந்தல், வண்ண விளக்கு, தரையில் உட்கார்ந்த ஜனம், ஓரத்தில் நின்று கடலை தின்கிற ஜனம். மேடையில் ஒரு பெண் ஒலிபெருக்கியின் முன் நின்று கையில் போனைப் பிடித்திருந்தாள். அவள் பெயர் குழல்வாய்மொழி, எதிரணிப் பேச்சாளர். குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா என்பது தலைப்பு. மேடையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர் முன்னால் 'ஆவுடையப்பன்' என்று பெயர்ப்பலகை.

கேள்வி அவரை முதன்முதலாகப் பார்த்தாள். 'இவர்தானா!' என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. தனக்கு ஏதோ பாராட்டு விழா என்றே நினைத்துக்கொண்டாள்.

"நடுவர் அவர்களே!" என்றாள் குழல்வாய்மொழி. "எங்க அண்ணன் ஆவுடையப்பன், கணவர்கள்தான் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அடித்துப் பேசினார். நான் மறுக்கவில்லை. அண்ணன் வீட்டில் விடுவது உண்மை. என்ன விடுகிறார் என்று அண்ணியே எழுதி வைத்திருக்கிறார், கேளுங்கள்!"

வாசித்தாள். 'பழைய அரவை மில் ஓடுகிற மாதிரி குறட்டை விடுகிறார்' என்ற இடத்தில் பந்தல் அதிர்ந்தது. கடலை தின்றவர்களுக்குப் புரையேறியது. நடுவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவுடையப்பனும் சிரித்தார். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பெயர்ப்பலகையை மட்டும் நேராக்கி நேராக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருக்கிறது, படி!" என்று உள்ளேயிருந்து கேள்வி கத்தினாள். "நடுவில் நிற்கும், அதைப் படி!"

குழல்வாய்மொழி போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"பாதியோடு மூடிவிட்டாள்" என்றாள் கேள்வி.

"மீதிக்குக் கைதட்டு விழாதே" என்றாள் பதில்.

யாரோ அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். மறுநாளில் இருந்து கும்பல் கும்பலாக வந்தார்கள். மில் என்ற வரி வரை படித்தார்கள், அதைப் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். வாசலுக்கு வாய் வலித்தது, அத்தனை 'வாங்க' சொல்லி. கேள்விக்கு முதல் நாள் கூச்சமாக இருந்தது, இரண்டாம் நாள் பெருமையாக இருந்தது, அப்புறம் எதுவோ சரியில்லை என்று பட்டது. தன்னைப் பார்க்க வந்த ஒருவர்கூடப் பதிலைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு காலையில் மங்கையர்க்கரசி வந்தார்.

கேள்வி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். காதோரம் நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். பெற்றவள் வந்திருக்கிறாள், நாலு நல்ல வார்த்தை சொல்வாள் என்று கேள்வி நிமிர்ந்து நின்றாள். மங்கையர்க்கரசி திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ இன்னுமா இங்க கெடக்க?" என்றார்.

கேள்வி 'ஆமாம்மா' என்றாள். அது அவர் காதில் விழவில்லை.

அவர் ஜெபமேரிக்கு எழுத ஆரம்பித்தார். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதியதால் கேள்விக்கு எல்லாம் கேட்டது. கணவர் இவரைத் திட்டவில்லையாம். ஒன்றும் கேட்கவும் இல்லையாம். பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டில் இருந்து யாராவது கொர் என்று இழுக்கிறார்களாம். சிரித்துக்கொண்டே இறங்கிவிடுகிறாராம். வெளியூருக்குப் பேசப் போகும்போது மட்டும் அந்த மூச்சுக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாராம். பையைப் பார்த்தால் கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று கூச்சம்.

"அங்க போய் எப்படித் தூங்குதாகளோ, மூச்சு வருதோ நிக்குதோன்னு நான் இங்க முழிச்சுக் கெடக்கேன்" என்று முடித்தார் மங்கையர்க்கரசி. "பத்துப் பொம்பளைங்க இருக்கிற ரூமுல பேசுதோம்னு நெனச்சுத்தான் எழுதினேன். தெருவுல நின்னு பேசுதேன்னு யாரும் சொல்லலியே. தயவுசெஞ்சு அழிச்சிருங்க."

ஜெபமேரி அன்றே குழுமத்துக்கு ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். கனத்த ஆள். வந்ததும் வராததுமாக வாசலை ஏற இறங்கப் பார்த்தான்.

"இத்தனை வருஷமாக இப்படியேவா நிற்கிறாய்? வெட்கமாக இல்லை?"

"எதற்கு வெட்கம்? என் வழியாக வந்து எத்தனை பேர் பிழைத்துப் போயிருக்கிறார்கள் தெரியுமா?"

"எத்தனை பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்."

"சிரிக்க வருகிறவனையும் அழ வருகிறவளையும் முகத்தைப் பார்த்தா பிரிக்க முடியும்? நான் எல்லோருக்கும் திறந்தவன்."

"நீ திறந்தவன் என்று அந்தம்மாவிடம் சொன்னாயா?"

"திறந்திருப்பது கண்ணுக்குத் தெரியாதா? அதை வேறு சொல்ல வேண்டுமா?"

"அவள் கண் அன்றைக்கு வாசலிலா இருந்தது? புருஷன் நெஞ்சில் இருந்தது" என்றான் பூட்டு.

பூட்டு ஆணியடித்தாற்போல் உட்கார்ந்துகொண்டான். இனி உறுப்பினர் மட்டும்தான் உள்ளே. புதிதாக வருபவர்கள் விண்ணப்பம் போட்டு, ஜெபமேரி பார்த்து அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஜெபமேரிக்கோ வீட்டில் பேரப்பிள்ளை வந்திருந்தான். குழுமத்தை எட்டிப் பார்க்கவே நேரம் இல்லை. கேள்வியை அழிப்பதும் அதனால்தான் தள்ளிப்போனது.

குழுமம் அமைதியாகிவிட்டது. முதலில் அந்த அமைதி கேள்விக்குப் பிடித்தது. யாரும் வந்து பாதி படித்துவிட்டுப் போகவில்லை. அப்புறம் முழுசாகப் படிக்கவும் ஆள் இல்லை என்று உறைத்தது.

அந்த அமைதியில் ஒரு நாள் வெளியே தேடலின் குரல் கேட்டது.

"யாரப்பா இது, வழியில்? நான் ஆள் கொண்டுவந்திருக்கிறேன்."

"விண்ணப்பம்" என்றான் பூட்டு.

வந்திருந்தவள் கீழக்கரை மைமூன். சின்ன வயசு. மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்தில் கதவு ஓரம் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் தட்டினாள்: 'எங்க வீட்ல அவங்களுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. யார்ட்ட கேக்குறதுன்னு தெரியல.'

"உன் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்றான் பூட்டு.

மைமூன் கொஞ்சம் நின்றாள். பக்கத்துச் சந்தில் பளபளவென்று ஒரு விளம்பரம் கடை விரித்திருந்தது. "தாயே, இங்கே வாங்க! குறட்டைக்கு மூலிகைத் தைலம்! மூக்கில் இரண்டு சொட்டு, மூன்றே நாளில் நிம்மதி! விண்ணப்பம் கிடையாது!" என்று அது கூவியது. மைமூன் அந்தப் பக்கம் திரும்பினாள்.

கேள்வி உள்ளேயிருந்து பதற ஆரம்பித்தாள். "அய்யோ, தைலம் இல்லை! டாக்டர்! யாராவது சொல்லுங்களேன்! அக்கா, நீ சொல்லு!"

"நான் சொல்லி வைத்து எவ்வளவோ வருஷம் ஆகிறது" என்றாள் பதில். "அவளுக்குக் கேட்கிற இடத்தில்தான் நான் இல்லை."

வாசல் முதன்முறையாகக் கெஞ்சினான். "ஒரே ஒருத்தியை விடு, அண்ணே."

"அதே கூட்டத்தில் இருந்து வந்த ஒருத்தியாக இருந்தால்?" என்றான் பூட்டு. ஆனால் அவன் குரலிலும் முன்புபோல் கனம் இல்லை. அந்தக் கட்டத்தில் எழுதியதை அவனும் படித்திருந்தான்.

பேரன் தூங்கியதும் ஜெபமேரி எட்டிப் பார்த்தார். விண்ணப்பத்தைப் படித்தார். பழைய கேள்வியை அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது. விண்ணப்பத்தை மங்கையர்க்கரசிக்கு அனுப்பி, கூடவே எழுதினார்: 'நீங்க சொன்னபடி அழிச்சிருதேன். அதுக்கு முன்னால இந்தப் பிள்ளை எழுதுனத ஒருக்கா பாருங்க. அவ தேடி வந்தது உங்க எழுத்தத்தான். முடிவு உங்க கையில.'

மங்கையர்க்கரசி தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். எதிரே ஆவுடையப்பன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கேள்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க" என்றார் மங்கையர்க்கரசி. "அதை அழிக்கச் சொல்லிட்டேன். இப்ப ஒரு பிள்ளை வந்து நிக்கா. அழிக்கவா, விடவான்னு கேக்காங்க."

ஆவுடையப்பன் காப்பியைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கு மங்கை. நீ ஊரைக் கேட்ட. ஊரு டாக்டரைக் கேக்கச் சொல்லிச்சு. அந்தக் குழல்வாய்மொழி மேடையில வச்சு ஊரையே கேக்க வச்சா. இப்ப நாகர்கோவில்காரம்மா உன்னையக் கேக்காங்க. குறட்டை விட்டது நான். என்னைய ஒருத்தராவது கேட்டியளா?"

மங்கையர்க்கரசிக்கு முகம் சிறுத்துப்போயிற்று. போனை அவர் பக்கம் தள்ளினார்.

"இப்பக் கேக்கேன். படிச்சிட்டுச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மில் வரியில் உதட்டைச் சுழித்தார். அந்த எழுத்தில் அதுவரைதான் அவருக்குத் தெரியும். மேடையில் கேட்டதும் அதுவரைதான். அதற்கப்புறம் மெதுவாகப் படித்தார். 'நான் எழுந்து உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன்' என்ற இடத்தில் நிறுத்தினார். 'நிற்கும்போது எனக்கு உயிரே இல்லை' என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"இப்படியா உக்காந்திருப்ப?"

"பின்ன?"

"சொல்லவே இல்லியே."

"உங்ககிட்டச் சொன்னா, 'எனக்கா குறட்டையா' ன்னு சண்டைக்கு வருவீங்க. அதான் ஊருல சொன்னேன்."

அவர் பதிலையும் படித்தார். பிறகு மைமூன் எழுதியதையும் படித்தார்.

"பேரை எடுத்துரு" என்றார் கடைசியில். "ஊரையும் எடு, வாத்தியாரையும் எடு. குறட்டை இருக்கட்டும்."

"அழிக்க வேண்டாமா?"

"அந்தப் பிள்ளைக்கு எம் பேரு எதுக்கு? எம் மூச்சு நின்னு நின்னு வந்த சமாச்சாரம்தானே வேணும்? அதைக் கொடுத்துட்டுப் போவோம்." கொஞ்சம் யோசித்தவர், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "அந்த அரவை மில்லை மட்டும் எடுத்துட்டு, 'லேசான குறட்டை' ன்னு போட்டா என்ன?"

"லேசான குறட்டையா?" மங்கையர்க்கரசி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்படிப் போட்டா அந்தப் பிள்ளை, இது நம்ம வீட்டு ஆளு இல்லன்னுட்டுப் போயிருவா. மில்லு இருக்கட்டும்."

பட்டிமன்றப் பேச்சாளர் காப்பியை எடுத்துக்கொண்டார்.

கேள்விக்குத்தான் உள்ளே நடுக்கம். "அக்கா, என் பெயரை எடுக்கப் போகிறார்கள். பெயர் போனால் நான் யார்?"

"பெயர் இருந்தபோது நீ யாராக இருந்தாய்?" என்றாள் பதில். "ஒரு பந்தலே கேட்டது உன்னை. ஒருவருக்காவது பயன்பட்டாயா?"

"நாமக்கல்காரி வந்தாளே. துபாய்க்காரன் வந்தானே."

"அவர்கள் ஆவுடையப்பன் யார் என்று கேட்டார்களா?"

கேள்வி யோசித்துப் பார்த்தாள். யாரும் கேட்டதில்லை.

மங்கையர்க்கரசியின் விரல் வந்தது. ஆவுடையப்பன் போனார், தமிழாசிரியர் போனார், தென்காசி போனது, கடைசியில் மங்கையர்க்கரசியும் போனார். கேள்விக்கு உடம்பு லேசாகிவிட்டது. பழைய நகையைக் கழற்றிவைத்தவள்போல் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஜெபமேரி மாயவரம் அஞ்சலாட்சிக்கும் எழுதிக் கேட்டார், உங்கள் பெயரையும் எடுக்கவா என்று. 'என்னுது இருக்கட்டும். நான் தெரிஞ்சேதான் போட்டேன். எங்க வீட்டுக்காரர் பெயரை எங்கேயும் எழுதலையே' என்று பதில் வந்தது.

தேடலைக் கூப்பிட்டுப் பழையதை மறக்கச் சொன்னார்கள். "மறந்துவிடுகிறேன். ஆனால் எனக்கு உடனே மறக்காது, கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்த அந்த மேடைக் காட்சியை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு அலைந்தது. குழல்வாய்மொழி விஷயம் கேள்விப்பட்டு ஆவுடையப்பனுக்குப் போன் செய்து, அண்ணே மன்னிச்சிருங்க, மீதியை நான் படிக்கவே இல்லை என்று அழுதாள். அவர் பெருந்தன்மையாக "விடும்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மில்லுக்கு மோட்டார்" என்று தானே எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார்.

ஜெபமேரி பூட்டை வாசலில் இருந்து இறக்கினார். உள்ளே ஒரு சின்ன அறை ஒதுக்கி, வெளியே தெரியாமல் பேச வேண்டியவர்களுக்கென்று அதன் கதவில் அவனை மாட்டினார். வாசலை மறுபடி திறந்தார். திறக்கும்போது அவனிடம் தனியாக ஏதோ சொன்னார், அவன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு தலையாட்டினான்.

மைமூனுக்கு அவரே செய்தி அனுப்பினார். நல்லவேளை, தைலம் இன்னும் தபாலில்தான் இருந்தது. மைமூன் வந்தாள். கேள்வியைப் படித்தாள். மில்லுக்குச் சிரித்தாள். பாதியில் நின்றாள். பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இது எங்க வீட்டு ஆளப் பத்தித்தான் யாரோ எழுதி வச்சிருக்காங்க!" என்றாள்.

கேள்விக்கு வாய் துறுதுறுத்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு சுகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மைமூன் டாக்டரிடம் எப்படிச் சொல்வது, என்ன கேட்பார்கள் என்று தானும் ஒன்று கேட்க நினைத்தாள். எழுதும் கட்டத்தில் விரலை வைத்தாள். 'என் மாப்பிள்ளை பேரு' என்று ஆரம்பித்துப் பெயரையும் பாதி தட்டிவிட்டாள்.

வந்தவர்களுக்கெல்லாம் 'வாங்க' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் சொல்லியறியாத வாசல், அப்போது மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டான். கட்டத்துக்கு மேலே சின்ன எழுத்தில் அவன் குரல் தெரிந்தது.

"வாங்க. நான் திறந்துதான் இருக்கிறேன். தெரு வரைக்கும் கேட்கும்."

மைமூன் ஒரு நிமிஷம் நிமிர்ந்தாள். அறைக்குள் தூங்குகிறவரைத் திரும்பிப் பார்த்தாள். தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

'எங்க வீட்ல ஒருத்தங்களுக்கு' என்று மறுபடி ஆரம்பித்தாள்.